வேனுக்குள் எந்த ஸ்குரூ, எங்கே? துரு பற்றிய கேள்விகளும் பதில்களும்

பழைய டிராவலர் வேனை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பு மேடையும் கட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நானும் ஒரு வேனைப் பிரித்துப் பிரித்துக் கட்டியவன்தான்.

கேள்வி: அண்ணா, நான் தூத்துக்குடி. காசு போனாலும் பரவாயில்லை என்று எல்லாமே எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்குரூவாகப் போட்டேன். எட்டே மாதத்தில் தலையெல்லாம் பழுப்பு. கடையில் காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவே இல்லையே?

பதில்: காந்தம்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது தம்பி. 304 என்ற நல்ல எஸ்எஸ் ரகம் ஒட்டாது, சரி. ஆனால் விலை குறைவான 202-உம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்த வகை அது. கடையில் பார்த்தால் இரண்டும் ஒரே பளபளப்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், அடித்து உருவாக்கிய நல்ல 304 போல்ட்டே சில சமயம் லேசாகக் காந்தத்தில் ஒட்டும். அதை ஒதுக்கிவிட்டு 202-ஐ வாங்கி வந்திருப்போம்.

போல்ட் தலையில் பொறித்திருப்பதைப் படியுங்கள். A2-70 என்றால் 304 குடும்பம். A4 என்றால் 316, அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும். உப்புக் காற்றைத் தாங்க வைப்பது அதுதான். சின்ன ஸ்குரூ தலையில் எழுத்து இருக்காது, டப்பாவைப் பாருங்கள். கடலோரத்தில் கதவோரம், தரை, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும் A4 போடுங்கள். மேல் அலமாரிக்கு A2 போதும்.

கேள்வி: அடுப்புக்குப் பின்னால் எஸ்எஸ் தகட்டை அலுமினிய ரிவெட் போட்டு அடித்திருக்கிறேன். ரிவெட்டைச் சுற்றி வெள்ளையாக மாவு மாதிரி வருகிறது. தகடு மட்டம்தானா?

பதில்: தகடு நல்ல தகடுதான், ரிவெட்தான் கரைகிறது. இரண்டு வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் ஈரமும் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. எஸ்எஸ்ஸும் அலுமினியமும் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான். எவ்வளவு வேகமாக அரிக்கும் என்பது அளவைப் பொறுத்தது. உங்கள் வேனில் எஸ்எஸ் இரண்டடித் தகடு, அலுமினியம் சுண்டுவிரல் நகம் அளவு ரிவெட். அத்தனை பெரிய தகட்டின் பாதிப்பும் அந்தச் சின்ன ரிவெட் தலையில் வந்து விடிகிறது.

இதையே திருப்பிப் போட்டால், பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன எஸ்எஸ் ஸ்குரூ, பல வருடம் ஓடும். துளையோரம் கொஞ்சம் பூக்கும், அதற்கு ஒரு நைலான் வாஷர் போதும். ஆகவே எஸ்எஸ் தகட்டுக்கு எஸ்எஸ் ரிவெட்டே அடியுங்கள், உள்ளே இருக்கும் ஆணியும் எஸ்எஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள். சில ரிவெட்டில் உடம்பு ஒன்று, ஆணி இரும்பு. அறுந்த ஆணி உள்ளேயே தங்கித் துருவைக் கக்கும்.

கேள்வி: ஆசாரி எல்லாவற்றுக்கும் கறுப்பு ஜிப்சம் ஸ்குரூதான் போடுகிறார். வேண்டாம் என்று சொல்லவா சார்?

பதில்: சொல்லிவிடுங்கள். வீட்டில் ஃபால்ஸ் சீலிங்குக்கு ஆனது அது. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும், வண்டி குலுங்கக் குலுங்கக் கழுத்தில் ஒடியும்.

கேள்வி: பாடித் தகட்டில் துளை போட பயமாக இருக்கிறது. எஸ்எஸ் ஸ்குரூ போட்டால் பாடி அரிக்குமாமே?

பதில்: ஸ்குரூவால் வருகிற கெடுதல் குறைவு. பெயிண்ட் இல்லாமல் விட்ட துளை விளிம்புதான் ஆபத்து. பிசிறைத் தேய்த்து, ப்ரைமர் தடவி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். கனம் தாங்கும் இடத்தில் தகட்டிலேயே ஸ்குரூ ஏற்றாமல், துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு ரிவ்நட் (துளையில் ரிவெட் மாதிரி அடித்துப் பொருத்தும் நட்) அடியுங்கள்.

அப்புறம் டிரில் தூள். என் முதல் வேனில் அதைக் கூட்டாமல் மேலே பிளைவுட் போட்டு மூடிவிட்டேன். ஒரு மழைக்காலம் கழித்துத் திறந்தால், தூள் விழுந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் துரு. துளைக்கு அடியில் ஒரு காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி வையுங்கள், மிச்சத்தை வேக்குவம் போட்டு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்குரூ தலை மேல் சிலிக்கான் தடவினால் ஈரம் போகாதுதானே?

பதில்: எந்த சிலிக்கான்? வினிகர் வாடை அடிக்கிற வகை காயும்போது அமிலத்தை விடும், இரும்பையும் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று டியூபில் போட்டிருப்பதை வாங்குங்கள்.

கேள்வி: சீட் போல்ட்களையும் எஸ்எஸ்ஸுக்கு மாற்றிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் கம்பெனி போட்ட போல்ட்தான். அவை தலையில் 8.8, 10.9 என்று போட்ட உயர்வலு ரகம். A2-70-இன் இழுவலு, அதாவது இழுத்தால் அறுபடாமல் தாங்கும் வலு, 700 மெகாபாஸ்கல், 8.8-க்கு 800. துருப்பிடித்திருந்தால் அதே ரகத்தில் புதிது வாங்குங்கள்.

கேள்வி: எஸ்எஸ் போல்ட்டில் எஸ்எஸ் நட்டைப் பாதிவரை ஏற்றினேன், இறுகிப் போய்விட்டது. முன்னாலும் வராது, பின்னாலும் வராது.

பதில்: மரையும் மரையும் உரசி ஒட்டிக்கொண்டுவிட்டன. மெஷின் வைத்து வேகமாக முடுக்கினீர்களா? அடுத்த முறை மரையில் கொஞ்சம் ஆன்டி சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவி, கையால் மெதுவாக ஏற்றுங்கள். இதை இப்போது கிரைண்டர் வைத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பொறி பறந்து பெயிண்ட்டில் விழாமல் ஈரச்சாக்கைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள்.