கடைக்காரியைக் கேளுங்கள்: சிவப்பு வட்டமும் சீனி மூட்டையும்

திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் இருபத்தாறு வருடம் பலசரக்குக் கடை நடத்தினேன். இப்போது மகள் பார்க்கிறாள். நான் பின்னால் கதிரையில் இருந்து கடன் கொப்பியையும் உங்கள் கடிதங்களையும் பார்க்கிறேன். இந்த மாதம் வந்தவற்றில் பாதிக்கு மேல், சாப்பாட்டுச் சாமான்களில் சீனி, உப்பு, கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் நிற வட்டங்களையும் வரியையும் பற்றியவை. அதனால் அவற்றையே எடுத்துக்கொண்டேன். 'முடி கொட்டுகிறது' என்று எழுதிய மூன்று பேரும் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் குடிக்கும் சோடாப் போத்தலில் முன்பு சிவப்பு வட்டம் இருந்தது, இப்போது மஞ்சள். 'பாருங்க உம்மா, நல்லதாக்கிட்டாங்க' என்கிறான். உண்மையா அக்கா?
*ஓர் ஆசிரியை, கிண்ணியா*

மகன் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது ரீச்சர். குளிர்பானங்களுக்கு இந்த வட்டம் 2016 ஓகஸ்ட்டில் வந்தது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்கும் கீழே பச்சை. பதினொன்றரை இருந்ததைப் பத்தரை ஆக்கினாலே நிறம் மாறிவிடும். ஒரு கிராம் குறைந்தது நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டரைக்கும் அதே மஞ்சள், பத்தரைக்கும் அதே மஞ்சள்.

அதோடு உங்கள் மகன் நூறு மில்லியோடு நிறுத்துகிறவன் இல்லையே. 400 மில்லி போத்தல் என்றால், பத்தரைக் கணக்கில் 42 கிராம் சீனி. தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால் பத்துக் கரண்டிக்கு மேல் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஆளுக்கே நாளுக்கு ஏறக்குறைய 50 கிராமுக்குள் நிற்கச் சொல்கிறது, முடிந்தால் 25க்குள். நிறத்தை விட்டுவிட்டு எண்ணைப் பார்த்துப் பெருக்கச் சொல்லுங்கள் மகனை. நீங்கள் என்ன பாடம் படிப்பிக்கிறீர்களோ தெரியாது, கணக்குப் பாடத்துக்கு உதவும்.

வட்டம் வந்த புதிதில் எங்கள் கடைக்கு வரும் ஆச்சி ஒருவர் சிவப்பு போட்டதைத்தான் கேட்டு வாங்குவார். பேரப்பிள்ளைக்கு ஸ்ரோபெரி விருப்பமாம். மூன்று கிழமை கழித்துத்தான் எனக்கு விளங்கியது. விசயத்தைச் சொன்னேன். "அப்ப பச்சை என்ன, கொய்யாப்பழம் இல்லையா?" என்றார். சிரித்தேன், ஆனால் தப்பு அவருடையது இல்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கடையில் போத்தலைத் திருப்பிப் பார்ப்பவர்கள் யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும்: கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள், முதல் பிள்ளையின் தாய்மார். மத்தியானம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வருபவர் குளிர்ப்பெட்டியைத் திறந்து கைக்கு எது குளிர்கிறதோ அதை எடுப்பார். ஏற்கனவே பயந்தவரோடுதான் அந்த வட்டம் பேசுகிறது.

வட்டம் கிட்டம் எதற்கு? வரியைக் கூட்டினால் சனம் தானாக விட்டுவிடும்தானே?
*ஒரு விவசாயி, தம்பலகாமம்*

ஐயா, அதையும் செய்து பார்த்தார்கள். 2017 நவம்பரில் இனிப்புப் பானங்களில் உள்ள சீனிக்குக் கிராமுக்கு 50 சதம் வரி போட்டார்கள். 44 கிராம் சீனி உள்ள போத்தலுக்கு 22 ரூபா. அடுத்த வருடமே குறைத்தும் விட்டார்கள். குறைப்பதற்குள் என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய போத்தல் விற்பது சட்டென்று படுத்தது, சின்னது கொஞ்சம் ஏறியது. தண்ணீரில் கரைக்கும் தூள் பைக்கற்றுகள் சரம் சரமாகப் போயின. நான் சொன்ன துறைமுகத்து ஆட்களில் சிலர் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கு மாறினார்கள். அங்கே ஒரு பிளேன்ரீக்குத் தாராளமாக மூன்று கரண்டி சீனி விழும். ஆக, அவர்கள் விட்டது சோடாவை.

அந்தச் சீனியின் கதையையும் கேளுங்கள். இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த விசேட வரியை 2020 ஒக்டோபரில் 25 சதமாக்கினார்கள். ஐம்பது ரூபா எங்கே, இருபத்தைந்து சதம் எங்கே! அந்தக் குறைப்பு எங்கள் கடை வரை வந்து சேரவில்லை. மூட்டை பழைய விலையை ஒட்டித்தான் வந்தது. 2023 நவம்பரில் திரும்ப 50 ரூபாவாக்கினார்கள். அந்த ஏற்றம் மட்டும் மறுநாளே வந்து சேர்ந்துவிட்டது. இதையும் போத்தல் வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிராமுக்கு 50 சதம் என்றால் கிலோவுக்கு 500 ரூபா. 2017இல் போத்தலுக்குள் போன சீனிக்கு அந்தக் கணக்கு, 2020இல் மூட்டையில் வந்த சீனிக்கு 25 சதம். உடம்புக்குள் போன பிறகு இரண்டும் ஒன்றுதான். கந்தளாய்ப் பக்கம் போகும்போது பழைய சீனி ஆலையைப் பார்த்திருப்பீர்கள். 1990களின் தொடக்கத்தில் மூடியது மூடியதுதான். நம் மாவட்டத்துக் கரும்பில் சீனி வந்த காலம் போய், இப்போது சீனியின் விலையைக் கப்பலும் வர்த்தமானியும் தீர்மானிக்கின்றன.

வரியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிரித்தானியாவில் 2018 ஏப்ரலில் தொடங்கிய வரியில் இரண்டு படி வைத்தார்கள்: நூறு மில்லிக்கு 5 கிராம், 8 கிராம். 5க்குக் கீழே போனால் வரி இல்லை. வரி தொடங்கு முன்னரே பல கொம்பனிகள் சீனியைக் குறைத்துவிட்டன. வாங்குகிறவர் ஒன்றும் செய்யாமலே அவர் கிளாசில் சீனி குறைந்தது. டென்மார்க்கில் 2011இல் கொழுப்புக்கு வரி போட்டபோது சனம் எல்லை தாண்டி ஜெர்மனியில் வெண்ணெய் வாங்கியது. 2013 பிறக்கும்போது வரியை எடுத்துவிட்டார்கள். நமக்குத் தாண்ட எல்லை இல்லை, தூள் பைக்கற் இருக்கிறது. சீனி எந்த வாசலால் வந்தாலும் பிடிக்கிற வரி என்றால் நான் கைதூக்குவேன்.

அரிசி விளையும் மாவட்டத்தில் காலையும் மாலையும் பாண் ஏன் அன்ரி?
*ஒரு பல்கலைக்கழக மாணவன், உப்புவெளி*

தம்பி, சீனன்குடாப் பக்கம் போய்ப் பார். குடாவுக்குள் கோதுமைக் கப்பல் நிற்கும், கரையில் பிறீமா மா ஆலை நிற்கும். 1977இல் ஒப்பந்தம், 1980இல் ஆலை ஓடத் தொடங்கியது. கோதுமை நம் நாட்டில் விளைவதே இல்லை. ஆனாலும் மானியம், இறக்குமதி வரி, விலைக் கட்டுப்பாடு என்று மாவின் விலையில் அரசாங்கங்களின் கை எப்போதும் இருந்திருக்கிறது. பாண் விலை ஏறினால் ஆட்சி ஆடும் என்ற பயம். 1970களின் பாண் வரிசையில் நின்ற பிள்ளை நான். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

விலை மட்டும் காரணமும் இல்லை. பிட்டுக்கு அரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, வறுக்க வேண்டும். பாண் ஓட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வாசலுக்கே வரும். வேலைக்குப் போகிற பெண்ணிடம் போய் 'பாரம்பரிய உணவு' என்று பிரசங்கம் செய்பவர் முதலில் உரலைத் தூக்கட்டும். 2022இல் ரூபா விழுந்து மா விலை தாவியபோது, என் கடையில் அரிசி மாவும் குரக்கன் மாவும் அதற்கு முன் ஒருபோதும் போகாத அளவுக்குப் போயின. மரவள்ளிக் கிழங்கை ஆட்கள் காலையிலேயே வந்து கேட்டார்கள். குரக்கனின் நன்மையைப் பத்து வருடம் சுவரொட்டியில் படித்தவர்கள், விலை சொன்ன பிறகுதான் வாங்கினார்கள். மா விலை இறங்கியது, பாணும் திரும்பி வந்தது. ஆனால் இரண்டு மூன்று வீடுகள் இன்னும் குரக்கனை விடவில்லை. அவர்களுக்கு அந்த ருசி பிடித்துவிட்டது.

அப்பாவுக்கு நீரிழிவு. சீனிக்குப் பதில் பனங்கட்டி கொடுக்கலாமா?
*ஒரு மகள், நிலாவெளி*

பனங்கட்டியும் சீனிதான் பிள்ளை, நிறமும் மணமும் வேறு. எவ்வளவு என்பதைக் கிளினிக்கில் கேளுங்கள், கடையில் கேட்காதீர்கள்.

பிஸ்கற் பைக்கற்றில் மூன்று வட்டம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?
*இரண்டு பிள்ளைகளின் தாய், மூதூர்*

சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் தனித்தனி. திண்ம உணவுகளுக்கு 2019இல் வந்தது. நூறு கிராமில் 22 கிராமுக்கு மேல் சீனி, ஒன்றேகால் கிராமுக்கு மேல் உப்பு, பதினேழரை கிராமுக்கு மேல் கொழுப்பு இருந்தால் சிவப்பு. வீட்டில் பிரசர் உள்ளவர் இருந்தால் உப்பு வட்டத்தை முதலில் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மாலு பணிசுக்கும் ரோல்சுக்கும் வட்டம் ஏதும் இல்லை. அதனால் அவை பச்சை என்று நினைத்துவிடாதீர்கள்.

எல்லோருக்கும் கணக்குச் சொல்கிறீர்கள். நீங்கள் என்ன குடிக்கிறீர்கள்?
*பெயர் போட விரும்பாத வாசகர், திருகோணமலை நகரம்*

பிளேன்ரீ. காலையில் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, இரண்டுக்கும் சீனி இல்லை. கடை பூட்டிய பிறகு ஒரு துண்டுப் பனங்கட்டி கடித்துக்கொண்டு இன்னொன்று. நீங்கள் யாரென்று கையெழுத்தில் தெரிகிறது. அந்த மூன்றாவதை என் மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.