ஒன்றும் செருகாமலே மீட்டர் 0.85 வோல்ட் காட்டுகிறது, ஏன்?

கேள்வி: ஏடி8307 என்ற லாக் ஆம்ப் ஐசியை (சிக்னலின் பவரை டெசிபெல் கணக்கில் வோல்ட்டாகக் காட்டுவது) டாட் போர்டில் வைத்து ரேடியோ பவர் மீட்டர் செய்தேன். எதையும் செருகாதபோதே 0.85 வோல்ட் வருகிறது. ஐசி பழுதா?
- கல்லூரி மாணவி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: ஐசியைக் கழற்றிவிடாதீர்கள், அது உண்மையைத்தான் சொல்கிறது. சிக்னல் ஒரு டெசிபெல் ஏறினால் இதன் வெளியீடு 25 மில்லிவோல்ட் ஏறும். 850-ஐ 25-ஆல் வகுத்தால் 34. அந்தக் கோடு பூஜ்ஜிய வோல்ட்டில் தொடங்கும் இடம் −84 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 என்று வைத்த டெசிபெல் அளவு), ஆக உங்கள் அளவு −50 டிபிஎம். எங்கிருந்தோ 10 நானோவாட் உள்ளே வருகிறது.

இந்த ஐசிக்கு ரேடியோ நிலையங்களைத் தனித்தனியாகப் பிரிக்கத் தெரியாது. 500 மெகாஹெர்ட்ஸ் வரை எது வந்தாலும் சேர்த்தே அளக்கும். உள்ளே ஆறு பெருக்கிகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் 14.3 டெசிபெல். சிக்னல் வளர வளர, கடைசிப் பெருக்கி முதலில் உச்சம் தொட்டு நிற்கும், அப்புறம் அதற்கு முந்தையது. ஒவ்வொன்றோடும் சிக்னலை அளக்கும் டிடெக்டர் உண்டு; எல்லாவற்றின் கரண்டையும் கூட்டினால் லாக், அதாவது மடக்கை, கிடைத்துவிடும். மிக அழகான யோசனை! ஆனால் சிக்னல் இல்லாத நேரத்தில் ஆறும் முழு பலத்தோடு காத்திருக்கும். இரண்டு அங்குல வயர் போதும், அதுவே ஆன்டெனா.

நானும் முதலில் திறந்த போர்டில்தான் செய்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு ஏற்காடு பஸ்ஸில் போனேன். சேலம் கண்ணில் படும் வளைவில் முள் ஏறியது, மலை மறைத்ததும் இறங்கியது. இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள், ஊரின் ஒலிபரப்பெல்லாம் போர்டுக்குள் நுழைகிறது என்று தெரிந்துவிட்டது. மறுநாளே செவ்வாய்ப்பேட்டையில் தகரம் வாங்கிப் பெட்டி செய்தேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். எல்லா மூலையையும், மூடியையும் இடைவெளி விடாமல் சால்டர் வையுங்கள். சிக்னல் கேபிள் செருகும் பிஎன்சி சாக்கெட்டின் உடம்பு தகரத்தோடு ஒட்ட வேண்டும். சாக்கெட் அருகிலேயே 52.3 ஓம் சிப் ரெசிஸ்டரை கிரவுண்டுக்குப் போடுங்கள். ஐசியின் சொந்த 1.1 கிலோ ஓமும் சேர்ந்து 50 ஆகிவிடும். சப்ளை வயர் ஃபீட்த்ரூ கபாசிட்டர் (தகரச் சுவரில் பொருத்தி, வயரில் வரும் ரேடியோ சிக்னலை கிரவுண்டுக்குத் திருப்புவது) வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். எதையும் செருகாதபோது அளவு 0.25 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் பெட்டி சரி.

அப்புறம் தெரிந்த இரண்டு பவரைக் கொடுத்து, வரும் வோல்ட்டைக் குறித்து, பவருக்கும் வோல்ட்டுக்கும் நீங்களே கோடு போடுங்கள். 25 என்பது சராசரிதான், ஐசிக்கு ஐசி 23 முதல் 27 வரை மாறும்.

கேள்வி: பவர் அளக்க லாக் ஆம்ப்புக்குப் பதில் ஒரு டயோடு போதாதா?
- வாசகர், ஏற்காடு

பதில்: பெரிய சிக்னலுக்குப் போதும். சிறிய சிக்னலில் பவர் பத்தில் ஒன்றானால் டயோடின் வோல்ட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். நான்கு முறை அப்படிக் குறைந்தால் மிஞ்சுவது மைக்ரோவோல்ட். லாக் ஆம்ப்பில் அதே இறக்கம் 1 வோல்ட் வித்தியாசமாகக் கண்ணுக்குத் தெரியும்.