வீட்டை விற்றுத்தான் டயாலிசிஸ் செய்ய வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து இப்போது வீட்டில் இருக்கிறார். தனியார் மருத்துவமனையில் வாரம் மூன்று டயாலிசிஸ், தடவைக்கு 1,800 ரூபாய். நகையெல்லாம் அடகில். நான் நூல் சுற்றி மாதம் 6,000 சம்பாதிக்கிறேன். அவருடைய பழைய சம்பளத்தை வைத்துப் பார்த்தால் காப்பீட்டு அட்டை கிடைக்காது என்கிறார்கள். மூத்தார் வீட்டை விற்கச் சொல்கிறார், 9 லட்சம் வருமாம். மாமியார், "நீதான் கிட்னி கொடுக்கணும்" என்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகள் மில்லுக்குப் போகிறேன் என்கிறாள். எதை முதலில் செய்ய?
- வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: வீட்டுப் பத்திரத்தை முதலில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுங்கள். அப்புறம் மற்றதைப் பேசுவோம்.

உங்கள் மூத்தார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் கணக்குப் போடவில்லை. வாரம் மூன்று என்றால் வருஷத்துக்கு 156 தடவை, 2,80,800 ரூபாய். ரத்தம் ஊற ஊசி, மாத்திரை, பஸ், ஆட்டோ எல்லாம் தனி. 9 லட்சம் மூன்று வருஷம்கூடத் தாங்காது. அதற்கு அப்புறமும் டயாலிசிஸ் இருக்கும், கூடவே வீட்டு வாடகையும் சேர்ந்துகொள்ளும். அரசு மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்த காலத்தில் வீட்டை விற்றுவிட்டு, அதற்குப் பிறகு எங்களிடம் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அட்டைக்கு முதல் மாதமே அலைந்திருந்தால் பலருக்கு வீடு மிஞ்சியிருக்கும்.

அட்டை கிடைக்காது என்று யார் சொன்னது? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தறி ஓட்டியவர் இன்று ஓட்டவில்லை. உங்கள் 6,000 வருஷத்துக்கு 72,000 ஆகிறது, அவ்வளவுதான். மருத்துவமனைச் சீட்டுகளின் நகலோடு விஏஓவைப் பார்த்து இன்றைய நிலையை உள்ளபடி சொல்லி வருமானச் சான்று கேளுங்கள். ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதாரையும் எடுத்துக்கொண்டு, டயாலிசிஸ் இல்லாத நாளில் கணவரையும் கூட்டிக்கொண்டு, விருதுநகர் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சந்தேகம் கேட்க 1800 425 3993, இலவச எண். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, டயாலிசிஸும் அதில் அடக்கம். ஆனால் ஏற்கெனவே கட்டிய பணம் திரும்பி வராது. அதனால் இந்த வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

நீங்கள் போகும் மருத்துவமனையே இத்திட்டத்தில் இருக்கலாம். பணம் கட்டும் கவுன்டரில் கேட்காதீர்கள். காப்பீட்டுக்கென்று ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார், அவரைக் கேளுங்கள். இல்லையென்றால் விருதுநகரில் 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் டயாலிசிஸுக்கு இடம் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரியா என்று முகம் சுளிக்கும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். பில் வரும்போது அவர்களைப் பார்க்க முடியாது.

வயிற்று வழியாக வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸும் உண்டு. அதற்கான திரவப் பைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். அவருக்கு அது ஒத்துவருமா என்று டாக்டரைக் கேளுங்கள். தறிப் பஞ்சு பறக்கிற வீடு என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கிருமித் தொற்றுதான் அதில் பெரிய பயம்.

இனி மாமியார் சொன்னது. நம் நாட்டில் உயிரோடு சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். மனைவி கொடுப்பாள் என்பது பேசாமலேயே முடிவாகிவிடுகிறது. சட்டப்படி பெற்றோர், உடன்பிறந்தவர்களும் நெருங்கிய உறவினர்தான். அறிவுரை சொல்லும் மூத்தாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். கொடுக்க உங்களுக்கு மனசு இருந்தால் நல்லது, பரிசோதனைக்குப் போங்கள். இல்லையென்றால், டாக்டர் உங்களைத் தனியாக வைத்துப் பேசும்போது பயப்படாமல் சொல்லிவிடுங்கள். நீங்கள் சம்மதிக்காமல் யாரும் எடுக்க முடியாது. உறுப்பு மாற்று அறுவை சிகிச்சையும் காப்பீட்டில் வருகிறது, டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்வரை யோசிக்க நேரமும் இருக்கிறது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறும் அரசுப் பட்டியலில் கணவர் பெயரைப் பதியச் சொல்லுங்கள். "ஆள் இருக்கு, லட்சத்தில் முடிச்சுடலாம்" என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். விலைக்கு வாங்குவது குற்றம், 1994-ஆம் வருஷத்துச் சட்டம்.

மகள் மில்லுக்கு வேண்டாம். பரீட்சை எழுதட்டும். அப்பாவுக்குத் தண்ணீர் அளந்து கொடுப்பது, அட்டை, சீட்டு, ரசீதுகளை ஒரு பையில் சேர்த்து வைப்பது, இதெல்லாம் அவள் செய்யட்டும். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தவிக்கிற பிள்ளை அது.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குச் சிகிச்சைக்குப் போய்வர ரயில் செலவே பெரிதாக இருக்கிறது. சலுகை உண்டா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். சிகிச்சை தரும் மருத்துவமனையில் ரயில்வே படிவத்தை நிரப்பி, டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ரிசர்வேஷன் கவுன்டரில் கொடுங்கள். ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் சேர்த்து எழுதி வாங்கிவிடுங்கள், பாதிப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள்.