கேன்சர் மாறிட்டு, ஆனா தம்பி ரூமை விட்டு வாறானில்ல: மனநல கிளினிக்குக்கு கூட்டிப் போகணுமா?

களுவாஞ்சிகுடிப் பக்கத்தில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கா. தம்பிக்கு 19 வயசாம், கழுத்தில கட்டி வந்து ஹொட்ஜ்கின் லிம்போமா எண்ட நிணநீர்க் கேன்சர் எண்டு கண்டுபிடிச்சு, மட்டக்களப்பில கீமோ, மறுகா மகரகம கேன்சர் ஆஸ்பத்திரியில கழுத்துக்கு கரண்ட் (கதிர் சிகிச்சை), எல்லாம் முடிஞ்சு எட்டு மாசம், கடைசி ஸ்கேனும் க்ளியர். "வருத்தம் இருக்கக்குள்ள பகிடி விட்டுக்கொண்டு இருந்தவன் டொக்டர், இப்பதான் ரூமுக்குள்ளயே கிடக்கான், விடிய விடிய ஃபோன், ஏ எல் கிளாசுக்கு போறானில்ல, கேட்டா களைப்பு எண்டு சொல்றான். அம்மா கண்ணூறு எண்டு சொல்றா. மனநல கிளினிக்குக்கு கூட்டிப் போனா அவன்ட பேர் கெட்டிடுமா?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, ட்ரீட்மெண்ட் நடக்கக்குள்ள நல்லா இருந்தவன் முடிஞ்ச பிறகு உடையுறது புதினமில்ல, இளம் ஆக்கள்ல நான் கூடக் காணுறதே இதைத்தான். கீமோ நேரம் யோசிக்க எங்க நேரம், அடுத்த டேட் எப்ப, ரத்தத்தில வெள்ளை அணு எவ்வளவு, கொழும்பு பஸ்ஸுக்கு சீட் புக் பண்ணியாச்சா எண்டு ஓடிக்கொண்டே இருப்பீங்க. எல்லாம் முடிஞ்சு ஊருக்கு வந்து "இனி உனக்கு ஒண்டுமில்ல" எண்டு எல்லாரும் சொல்லக்குள்ளதான் அவனுக்கு நடந்தது என்னெண்டே உறைக்கும். அதோட பயம். இந்த வருத்தம் பெரும்பாலான ஆக்களுக்கு முழுசா மாறுற வருத்தம்தான், ஆனா திரும்பி வாறதெண்டா பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு வருசத்துக்குள்ளதான் வரும், அதுக்குத்தான் ஆரம்பத்தில மூணு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா வரச்சொல்றது. அது அவனுக்குத் தெரியும், கூகிள்ல பார்த்திருப்பான். அதனால அவன்ட பயத்த பைத்தியக்காரத்தனம் எண்டு நினைக்காதீங்க.

உடம்பும் இத மறக்காது. அக்கரைப்பற்றுப் பக்கத்துப் புள்ள ஒண்டு, கீமோ முடிஞ்சு மாசக்கணக்காகியும், ஊசி போடுறதுக்கு முதல் துடைக்கிற ஸ்பிரிட் மணத்தாலே சத்தி எடுக்கும். வயித்தில ஒரு கோளாறுமில்ல, அந்த மணத்தோட சத்தியும் சேர்ந்து மூளையில பதிஞ்சு போச்சு. கிளினிக் டேட் கிட்டவா வரக்குள்ள உங்கட தம்பி எரிஞ்சு விழுந்தா, சாப்பாட்டத் தள்ளி வச்சா, அதுவும் இந்த வகைதான். ரிசல்ட் வந்த பிறகு ரெண்டு மூணு நாள்ல தணிஞ்சிட்டா பெரிசா யோசிக்கத் தேவையில்ல.

சரி, மனம் மனம் எண்டு சொல்றதுக்கு முதல் ஒரு ரத்த டெஸ்ட். இத ஆக்கள் விட்டுடுறாங்க, டொக்டர்மாரும் சில நேரம் விட்டுடுறாங்க, அதான் அழுத்திச் சொல்றன். கழுத்துக்கு கரண்ட் பிடிச்ச ஆக்களுக்கு தைரொய்ட் சுரப்பி மெல்ல மெல்ல சோர்ந்து போகலாம், சில ஆக்களுக்கு வருசங்கள் கழிச்சும் வரும். வந்தா எப்பிடி இருக்கும்? களைப்பு, நித்திரை, உடம்பு வைக்கிறது, மத்தவனுக்கு வேர்க்கக்குள்ள இவனுக்கு குளிர், ஒண்டிலயும் மனமில்ல. அப்பிடியே டிப்ரெஷன் மாதிரி. டிஎஸ்எச் எண்டு ஒரு டெஸ்ட், அதோட ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லி கேன்சர் கிளினிக்கிலயே கேளுங்க. தைரொய்ட் குறைஞ்சிருந்தா தினமும் ஒரு குளிசை, ஆளே மாறிடுவான். கழுத்துக்கு கரண்ட் பிடிச்ச ஆள் வருசத்துக்கு ஒருக்கா இத பார்த்துக்கொண்டே இருக்கணும். டெஸ்ட் சரியெண்டு வந்தாத்தான் மிச்சக் கதை.

மிச்சக் கதை எண்டா, ரெண்டு கிழமைக்கு மேல, அனேகமா எல்லா நாளும், முந்தி பிடிச்ச ஒண்டும் பிடிக்காம, நித்திரை சாப்பாடு குழம்பி, "என்னால வீட்டுக்கு செலவுதான்" எண்ட மாதிரி கதை வந்தா அது டிப்ரெஷனா இருக்கலாம், கிளினிக்குக்கு கூட்டிப் போகத்தான் வேணும். உங்கட தம்பி எட்டு மாசமா இப்பிடி எண்டா நான் இன்னும் பொறுத்துப் பாருங்க எண்டு சொல்ல மாட்டன். ஆள் இல்லாத நேரமாப் பார்த்து நேராவே கேளுங்க, "செத்துப் போனா நல்லம் எண்டு எப்பயாவது நினைக்கிறயா தம்பி" எண்டு. கேட்டா அந்த எண்ணத்த நாமளே குடுத்த மாதிரி ஆயிடும் எண்டு எல்லாரும் பயப்பிடுறாங்க, அப்பிடி ஆகாது, கேட்டா ஆளுக்கு பாரம் இறங்கும். ஓம் எண்டு சொன்னா தனிய விடாதீங்க, அண்டைக்கே ஆஸ்பத்திரி, ராவில எண்டா 1926க்கு எடுங்க, தேசிய மனநல நிறுவனத்தின்ட நம்பர், எந்த நேரமும் எடுக்கலாம். வயல் செய்யிற வீடெண்டா வயலுக்கு அடிக்கிற மருந்து போத்தல இண்டைக்கே வீட்ட விட்டு வெளியேத்துங்க, சும்மா சொல்லல்ல, 1995க்குப் பிறகு நம்மட நாட்டில கடும் நஞ்சு மருந்துகள ஒண்டொண்டா தடை செய்யச் செய்யத்தான் தற்கொலை இந்தளவுக்கு இறங்கினது.

பேர் கெடுற கதைக்கு வாறன். மனநல கிளினிக் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே இருக்கு, காசும் இல்ல, கிளினிக் கொப்பி உங்கட கையிலதான் இருக்கும், பள்ளிக்கூடத்துக்கோ வேலை குடுக்கிறவனுக்கோ எவரும் எழுதி அனுப்புறதில்ல. தெரிஞ்ச ஆக்கள் கண்டாலும் கேன்சர் ஃபொலோ அப்புக்கு வந்தம் எண்டு சொல்லுங்க, பொய்யுமில்ல. ஆனா ஒரு விசயம், உள்ளுக்கு போனதும் அம்மாவ வெளியில இருக்கச் சொல்லுங்க. நான் பொடியனிட்ட கேள்வி கேட்டா அம்மாதான் பதில் சொல்லுவா, "நல்லா சாப்பிடுறான் டொக்டர், நித்திரைதான் இல்ல", அவன் சுவரப் பார்த்துக்கொண்டு இருப்பான். பத்து நிமிசம் தனிய விட்டா வாற கேள்வியே வேற. எனக்கு புள்ள பிறக்குமா, கலியாணம் பேசக்குள்ள இத சொல்லணுமா, இதெல்லாம் அம்மாக்கு முன்னால கேட்கிற கேள்வியா? புள்ள விசயம் குடுத்த கீமோவ பொறுத்தது, விந்து டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம், கேன்சர் டொக்டரிட்ட அவனே கேட்கட்டும்.

கிளினிக்கில டிப்ரெஷனுக்கு குளிசை தந்தா ரெண்டு தொடக்கம் நாலு கிழமையாகும் வேலை செய்ய, அது நித்திரைக் குளிசையுமில்ல, பழகிப் போறதுமில்ல, ஆனா சுகம் எண்டதும் நீங்களா நிப்பாட்டக் கூடாது. இந்த வயசுக்காரருக்கு முதல் சில கிழமைகள்ல பதகளிப்போ சாகிற எண்ணமோ கூடினா உடனே டொக்டரிட்ட சொல்லணும். எல்லாருக்கும் குளிசை தேவைப்படாது, கதைச்சே சரிவாற ஆக்களும் இருக்காங்க.

அம்மா மாமாங்கக் கோயிலுக்கு நேர்த்தி வச்சிருந்தா செய்யட்டும், அவவுக்கும் மனம் ஆற வேணுமே, சொல்லப்போனா புள்ளைய விட தாய் தகப்பன்தான் கூட ஆடிப்போயிருப்பாங்க. அப்பிளும் ஹோர்லிக்சும் தூக்கிக்கொண்டு வந்து "எங்கட மாமியும் இதிலதான் போனவ" எண்டு கதை சொல்ற ஆக்கள வாசலோட டீ குடுத்து அனுப்புங்க. தம்பிய ரூமால வெளியில எடுக்க புத்தி சொல்லி வேலையில்ல, சின்ன வேலை குடுங்க, பின்னேரம் கடைக்குப் போய் பாண் வாங்கிட்டு வா எண்டு. மனம் வந்த பிறகு எழும்புவம் எண்டா எழும்ப மாட்டான், எழும்பி நடந்தாத்தான் மனம் வரும், கீமோக் களைப்புக்கும் மெல்ல மெல்ல நடக்கிறதுதான் மருந்து.

ஏ எல் விசயம். கீமோ எடுத்த சில ஆக்களுக்கு கொஞ்ச காலம் கவனம் நிக்காது, வாசிச்சது தங்காது, பெரும்பாலும் போகப்போக சரிவரும், அத சோம்பேறித்தனம் எண்டு ஏசாதீங்க. பாடத்த இருபது நிமிசம் இருபது நிமிசமா உடைச்சு படிக்கச் சொல்லுங்க. சோதனை மூணு தரம் எழுதலாம், இந்த வருசமா அடுத்த வருசமா எண்டத அவனே சொல்லட்டும், நீங்க கூட்டாளிமாரிட்ட கிளாஸ் நோட்ஸ மட்டும் ஃபோட்டோக்கொப்பி எடுத்து வைங்க.