மெதுவாக வரும் படகா, வேகமாக வரும் பைக்கா: எதற்கு உந்தம் அதிகம்?

கனமான பொருளுக்கு உந்தம் அதிகமா, வேகமான பொருளுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் உந்தம், அதனால் பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பத்தாம் வகுப்பில் 'இயக்க விதிகள்' பாடம் வருவதற்கு முன்பே, கடலூர் முதுநகர் துறைமுகத்தில் இதைத் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டவன் நான். சித்தப்பா வேலை பார்த்த விசைப்படகு இன்ஜினை அணைத்துவிட்டு ஆடி அசைந்து ஜெட்டியை, அதாவது படகு கட்டும் மேடையை, நெருங்கிக்கொண்டிருந்தது. உதவி செய்கிற நினைப்பில் நான் ஓரமாக உட்கார்ந்து, காலை நீட்டி அதைத் தடுக்கப் பார்த்தேன். "எடுடா காலை!" என்று சித்தப்பா போட்ட சத்தத்தில் மீன் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கால் தப்பியது, காது மாட்டிக்கொண்டது.

சரி, கணக்குக்கு வருவோம். படகு 15 டன், அதாவது 15,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் வினாடிக்கு அரை மீட்டர், குழந்தைகூட அதைவிட வேகமாக நடக்கும். உந்தம் 7,500 கிலோகிராம் மீட்டர்/வினாடி. புதுச்சேரி சாலையில் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக், ஆளோடு சேர்த்து 200 கிலோ. 54 என்பது வினாடிக்கு 15 மீட்டர். உந்தம் 3,000தான். ஊர்ந்து வரும் படகுக்கு இரண்டரை மடங்கு அதிகம்!

அப்படியானால் பைக் ஆபத்தில்லையா என்றால், இருக்கிறது. ஓடுவதால் ஒரு பொருளுக்கு இருக்கும் ஆற்றல்தான் இயக்க ஆற்றல். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அது வரும். அதனால் பைக்குக்கு 22,500 ஜூல், படகுக்கு வெறும் 1,875. உந்தத்தையும் ஆற்றலையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். நான் பிரித்துப் பார்ப்பது இப்படி: படகையும் பைக்கையும் 300 நியூட்டன் விசையால் எதிர்த்துத் தள்ளுவோம். ஒரு ஆள் தம் கட்டித் தள்ளினால் வருகிற அளவுதான். பைக் 10 வினாடியில் நிற்கும், ஆனால் அதற்குள் 75 மீட்டர் ஓடிவிடும். படகு நிற்க 25 வினாடி ஆகும், நகர்வதோ 6.25 மீட்டர். எவ்வளவு நேரம் தள்ள வேண்டும் என்பதை உந்தமும், எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்பதை ஆற்றலும் சொல்கின்றன.

அன்று படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவே 6 மீட்டர் எங்கே இருந்தது? மிஞ்சினால் 30 சென்டிமீட்டர். அதற்குள் நிறுத்த 6,250 நியூட்டன் வேண்டும், கிட்டத்தட்ட 640 கிலோ எடையைக் காலில் ஏற்றிய மாதிரி. படகின் பக்கவாட்டில் பழைய டயர்களைத் தொங்கவிடுவது இதற்குத்தான். டயர் அமுங்குகிற நேரத்தில் மோதல் கொஞ்சம் நீள்கிறது, அதனால் விசை குறைகிறது.

அப்புறம், உந்தத்துக்குத் திசை உண்டு. எதிரெதிரே வரும் இரண்டு படகுகளில் ஒன்றுக்குக் கழித்தல் குறி போட வேண்டும். கிலோமீட்டர்/மணியை மீட்டர்/வினாடியாக மாற்ற 3.6ஆல் வகுக்கவும் மறந்துவிடாதீர்கள். பரீட்சையில் எனக்கு அதில்தான் மார்க் போனது.