ஏறும்போதும் தட்டு, இறங்கும்போதும் தட்டு: ஓய்வுபெற்ற நடத்துநரின் பதில்கள்

சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருபத்தாறு நாள் தங்கிவிட்டு வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். பணத்தை ஏற்றி வைத்துக்கொண்டு, பஸ்ஸிலும் ரயிலிலும் கருவியில் தட்டிப் போகும் பயண அட்டையைப் பற்றி அதில் இருந்தது ஒரே வரி. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. மதுரையில் முப்பத்தோரு வருடம் தோல்பையை மாட்டிக்கொண்டு டிக்கெட் கிழித்தவனிடம் டிக்கெட்டைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைக் கேட்பீர்கள்? இந்த முறை முழுக்க அட்டைதான்.

திருநகரிலிருந்து ஒரு வாசகி: மதுரையிலிருந்து நேர் விமானத்தில் சிங்கப்பூர் போகிறோம். நான், கணவர், மாமியார், ஐந்து வயது மகன். பத்து நாள் சுற்றுலா. ஒரே அட்டையில் தாராளமாகப் பணத்தை ஏற்றிக்கொண்டு நால்வருக்கும் அதையே தட்டினால் போதாதா? ஆளுக்கொன்று வாங்குவது வீண்செலவு என்கிறார் கணவர்.

போதாது அம்மா. உங்கள் வீட்டுக்காரர் நம் ஊர்ப் பழக்கத்தில் பேசுகிறார். பெரியார் நிலையத்தில் ஏறி, நூறு ரூபாயை நீட்டி, "திருநகர் மூன்று" என்றால் மூன்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நான் அடுத்த இருக்கைக்குப் போய்விடுவேன். எனக்கு ஆளை எண்ணத் தெரியும். அங்கே வாசலில் நிற்கும் கருவிக்குத் தெரியாது. ஒரு அட்டை தட்டப்பட்டால் ஒரு ஆள் உள்ளே போனார் என்று குறித்துக்கொள்ளும். ரயில் நிலையத்தில் அதே அட்டையை அடுத்தவருக்காகத் தட்டிப் பாருங்கள், கதவு திறக்காது. ஏற்கெனவே உள்ளே போனவர் மறுபடி எப்படி உள்ளே போவார் என்பது அதன் நியாயம்.

இதற்குக் காரணம் கட்டணக் கணக்கு. நம் வண்டியில் ஏறியவுடன், "எங்கே இறங்க வேண்டும்?" என்று கேட்போம். பழங்காநத்தமா, பசுமலையா, திருப்பரங்குன்றமா என்று நீங்கள் சொன்னதும் ஸ்டேஜ் பார்த்துக் காசு. அந்தக் கருவி எதையும் கேட்காது. ஏறிய இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு சும்மா இருக்கும். இறங்கும்போது நீங்கள் மறுபடி தட்டினால்தான், எத்தனை கிலோமீட்டர் வந்தீர்கள் என்று பார்த்து அதற்கான காசைக் கழிக்கும். பஸ்ஸில் தட்டாமல் இறங்கிவிட்டால், வண்டி கடைசியாக எங்கே போய் நிற்குமோ அதுவரைக்கும் நீங்கள் பயணம் செய்ததாகக் கணக்கு.

நானே ஏமாந்தேன். சிராங்கூன் சாலையில் ஒரு பஸ். அங்கே முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு சீனப் பாட்டி, கையில் காய்கறிப் பை. படியில் தடுமாறினார். முப்பத்தோரு வருடப் பழக்கம் விடுமா? பையை வாங்கி, கையைப் பிடித்து இறக்கிவிட்டு, நானும் இறங்கிவிட்டேன். கதவு மூடிக்கொண்டு வண்டி நகர்ந்த பிறகுதான் சட்டைப்பையில் அட்டை கனத்தது. ஊரில் எத்தனை பேரிடம் டிக்கெட் எடுத்தாயா என்று கேட்டிருப்பேன்! என் டிக்கெட்டை நான் முடிக்காமல் இறங்கிவிட்டேன். மகள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறாள்.

தட்டி இறங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. நம் ஊரில் வண்டி மாறினால் புது டிக்கெட், புதிதாகக் குறைந்தபட்சக் கட்டணம். அங்கே ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி முக்கால் மணி நேரத்துக்குள் அடுத்த பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறினால் அதையும் பழைய பயணத்தின் தொடர்ச்சியாகவே கணக்குப் பார்க்கிறார்கள். தூரம் கூடுவதற்கு மட்டும்தான் காசு. மொத்தப் பயணம் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், அதே எண்ணுள்ள பஸ்ஸில் திரும்ப ஏறக் கூடாது. ஒரு நடத்துநனாக இந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்றே எழுதிவிடுகிறேன்.

இனிச் செலவு. ஈஸிலிங்க் என்ற அந்த ஊர்ப் பயண அட்டை ஒன்று பத்து வெள்ளி. டாலரை அங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள், காதுக்கும் அதுவே இதமாக இருக்கிறது. பத்தில் ஐந்து அட்டையின் விலை, அது திரும்பி வராது. மற்ற ஐந்து உங்கள் பணம். ரயிலுக்குள் நுழைய அட்டையில் மூன்று வெள்ளியாவது மீதி இருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே முதல் நாளே இன்னும் பத்து வெள்ளி ஏற்றிவிட்டால் நிம்மதி. ஒரேயடியாக ஐம்பது, நூறு என்று ஏற்றாதீர்கள். கிளம்பும் நாளில் டிக்கெட் அலுவலகத்தில் மீதியைத் திரும்ப வாங்கலாம்தான், ஆனால் பெட்டி கட்டும் அவசரத்தில் யார் போய் வரிசையில் நிற்பது? ஒருமுறைப் பயணத்துக்கான டிக்கெட்டை ரயிலில் 2022ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் காசு போட்டு ஏறலாம், ஆனால் கட்டணம் கூடுதல், சில்லறை தர மாட்டார்கள்.

பையனுக்கு 0.9 மீட்டருக்குக் குறைந்த உயரம் என்றால் அட்டையே வேண்டாம், இலவசம். ஐந்து வயதுப் பிள்ளை அதைத் தாண்டியிருப்பான். ஏழு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தனிச் சலுகை அட்டை இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் அலுவலகத்தில் கேளுங்கள். மாமியாருக்கு மூத்த குடிமக்கள் சலுகை கிடைக்காது, அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான்.

சாங்கி விமான நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியா போக வேண்டுமா? அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் தடத்துக்கு மாறுங்கள், ஒரே மாற்றம். லிட்டில் இந்தியாவில் இறங்கும்போது பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கும். மாமியாரைப் படிக்கச் சொல்லுங்கள்.

செல்லூரிலிருந்து ஓர் இளைஞர்: ஐயா, இப்போது வங்கி அட்டையையே தட்டினால் கதவு திறக்கிறதாமே. பிறகு எதற்குத் தனியாகப் பயண அட்டை?

திறக்கிறது தம்பி. விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் செல்லும், அலை அலையாக வளைந்த நாலு கோடு அட்டையில் அச்சடித்திருக்க வேண்டும். ஆனால் நம் ஊரிலேயே ஒரு வேலையை முடித்துவிட்டுப் போக வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிதாகத் தரும் அட்டைகள் உள்நாட்டில் மட்டுமே வேலை செய்யும்படி வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டையும், தட்டிப் பணம் செலுத்துவதையும் வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். இரண்டும் தனித்தனிப் பொத்தான். ஒன்றைத் திறந்து மற்றதை மறந்தால், கதவுக்கு முன்னால் நீங்களும், உங்களுக்குப் பின்னால் அலுவலகம் போகும் முப்பது பேரும் நிற்பீர்கள்.

கணக்கும் போட்டுவிடுவோம். வெளிநாட்டு வங்கி அட்டையைத் தட்டினால் சிங்கப்பூரில் நாளொன்றுக்கு 60 காசு தனிக் கட்டணம், பயணம் செய்த நாட்களுக்கு மட்டும். எட்டு நாள் சுற்றினால் 4.80. ஒன்பதாவது நாள் 5.40 ஆகிவிடும், ஐந்து வெள்ளி அட்டையின் விலையைத் தாண்டிவிட்டது. இதற்கு மேல் நம் வங்கி நாணய மாற்றுக்கென்று பிடிப்பது வேறு. மூன்று நாள் பயணத்துக்கு வங்கி அட்டை, பத்து நாளுக்குப் பயண அட்டை என்று நான் சொல்வேன்.

பர்ஸோடு சேர்த்துத் தட்டும் பழக்கம் வேண்டாம். உள்ளே மூன்று அட்டை இருந்தால் கருவி எதைப் படிக்கும் என்பது அதன் இஷ்டம். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது இன்னொன்று என்று படித்துவிட்டால் இரண்டு அட்டையிலும் பாதிப் பயணம் தொங்கும். கைபேசியில் தட்டி ஏறிவிட்டு அட்டையில் தட்டி இறங்கினாலும் இதே கதைதான், இரண்டும் ஒரே கணக்கு என்றாலும்கூட.

அனுப்பானடியிலிருந்து ஒரு வாசகர்: தட்டும்போது மீதி எவ்வளவு என்று தெரியுமா? தெரியாமல் எப்படி நம்புவது?

சரியான கேள்வி. நம் வண்டியில் சில்லறை இல்லாதபோது டிக்கெட்டின் பின்னால் பாக்கித் தொகையை எழுதித் தருவோம். வண்டியை விட்டு இறங்கும்வரை பயணியின் கண் அந்தக் கிறுக்கலிலேயே இருக்கும். ஏழு ரூபாய்க்காகக் கோரிப்பாளையத்திலிருந்து மாட்டுத்தாவணி வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அது தவறே இல்லை, அவர்கள் பணம்.

சிங்கப்பூரிலும் மக்களுக்கு இதே மனம்தான். அங்கே பழைய வகை அட்டையில் மீதியைக் கதவருகே திரையில் காட்டும். சிம்ப்ளிகோ என்ற புது முறையில் காட்டாது, செயலியில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூனிலிருந்து எல்லோரும் புது முறைக்கு மாற வேண்டும் என்று அந்த ஜனவரியில் அறிவித்தார்கள். மீதி தெரியாமல் எப்படி என்று ஊரே எதிர்ப்புத் தெரிவித்தது. இரண்டே வாரத்தில், ஜனவரி 22 அன்று, அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். பழைய முறையைத் தொடர நான்கு கோடி வெள்ளி கூடுதல் செலவு என்று அரசே சொன்னது. அவ்வளவு பணக்கார நாட்டிலும், மிச்சத்தைக் கண்ணால் பார்க்காமல் மனிதனுக்கு நிம்மதி இல்லை. வாங்கும்போது மீதியைக் காட்டும் அட்டையா என்று கேட்டு வாங்குங்கள்.

விருதுநகரிலிருந்து ஒரு வாசகி: ஜப்பானுக்குக் குழுவாகச் செல்கிறோம். அங்கே என்ன அட்டை?

நான் போனதில்லை அம்மா, என் மருமகன் வேலை நிமித்தம் மூன்று முறை போய்வந்தவர். அவரிடம் கேட்டு எழுதுகிறேன். டோக்கியோவில் சூயிக்கா, 2001இல் வந்தது. 500 யென் வைப்புத்தொகை, அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் அதுவும் திரும்பும். சுற்றுலாப் பயணிகளுக்கென்றே வெல்கம் சூயிக்கா இருக்கிறது. வைப்புத்தொகை இல்லை, ஆனால் 28 நாளில் காலாவதி, மீதியும் திரும்பாது. கடைசி நாளில் கடைகளிலும் பானம் விற்கும் இயந்திரங்களிலும் தட்டித் தீர்த்துவிடலாம். பணம் ஏற்றும் இயந்திரங்கள் பெரும்பாலும் ரொக்கத்தைத்தான் கேட்கும், எனவே யென் தாள்கள் கையில் இருக்கட்டும். டோக்கியோவில் தட்டி ஏறி ஒசாகாவில் தட்டி இறங்க முடியாது, அந்த நெடுந்தூர ரயிலுக்கு டிக்கெட் தனி. இறங்குமிடத்தில் பணம் போதாவிட்டால் பதற வேண்டாம். கதவுக்கு உள்பக்கமே ஓர் இயந்திரம் இருக்கும், குறைந்த காசைப் போட்டுவிட்டு வெளியே வரலாம், அபராதம் இல்லை.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தந்தை: துபாயில் மகனிடம் போயிருந்தபோது காலியாக இருந்த பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். அபராதம் போட்டுவிட்டார்கள். டிக்கெட் எடுத்துத்தானே ஏறினேன்?

எடுத்தது வெள்ளி அட்டை, ஏறியது தங்கப் பெட்டி. துபாயின் பயண அட்டையான நோலில் வெள்ளி, தங்கம் என்று வகை உண்டு, தங்கத்துக்குக் கட்டணம் இரு மடங்கு. நெரிசல் நேரத்தில் ஒரு பெட்டி மட்டும் காலியாக இருந்தால் காரணம் இல்லாமல் இருக்காது அண்ணே, நம் ரயிலில் முதல் வகுப்பு காலியாக இருப்பது போலத்தான். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கிய பகுதியில் நின்றாலும் 100 திர்ஹம் அபராதம், தரையில் இளஞ்சிவப்புக் கோடு இருக்கும். அடுத்த முறை பார்த்து ஏறுங்கள்.

வடக்குச் சித்திரை வீதிப் பக்கம் தங்கும் விடுதி நடத்துபவர்: ஜெர்மனியிலிருந்து வந்த தம்பதி, மதுரை பஸ்ஸுக்கு ரீசார்ஜ் அட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

சென்னையில் கிடைக்கும் என்று சொல்லுங்கள். சிங்காரச் சென்னை அட்டை 2023இல் மெட்ரோவுக்கு வந்தது, 2025 ஜனவரியிலிருந்து அங்கே மாநகரப் பேருந்துகளிலும் செல்கிறது. மதுரை டவுன் பஸ்ஸுக்கென்று அப்படி ஓர் அட்டை கிடையாது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை மெட்ரோ என்ற பேச்சு காகிதத்திலேயே இருக்கிறது.

ஆகவே அவர்கள் கையில் ஐந்தும் பத்துமாகச் சில்லறை கொடுத்தனுப்புங்கள். திருப்பரங்குன்றம், அழகர்கோவில் இரண்டு பெயரையும் தமிழில் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள், நடத்துநர் ஏற்றிவிடுவார். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் டிக்கெட்டின் பின்னால் ஏதோ எழுதித் தருவார். அதைக் கையெழுத்து என்று நினைத்து நினைவுப்பொருளாக ஜெர்மனிக்குக் கொண்டுபோய்விடப் போகிறார்கள். அது அவர்களுடைய பாக்கி. இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே நீட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.