நேரில் பார்க்காமலே நீங்கள் நன்றி சொல்ல நினைக்கும் மருத்துவர் யார்?

எனக்கு யோசிக்கவே வேண்டாம், ஆஸ்திரேலியாவின் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் கிரேம் கிளார்க். என் அக்கா மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் ஆபரேஷன் செய்தோம், அதாவது ஒலியை மின்துடிப்பாக மாற்றி, உள்காதில் வைத்த மின்முனைகள் வழியாக நரம்புக்கு அனுப்பும் கருவியைப் பொருத்தினோம். அந்தக் கருவியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் கிளார்க். இப்போது போனில் "சித்தி, எப்ப வர்றீங்க" என்று கேட்கிறாள்.

கிளார்க் 1935இல் சிட்னிக்குப் பக்கத்தில் கேம்டன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார், அவருக்குக் காது மந்தம். கூச்சத்தோடு மெதுவாக மருந்து கேட்பவர்களையும் உரக்கச் சொல்லும்படி அவர் கேட்க வேண்டியிருக்கும், கடையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்டுவிடும். இதைப் பார்த்தே வளர்ந்த பையன், பெரியவனானதும் காதைச் சரி செய்வேன் என்று சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறான்.

மெல்போர்னில் அறுவை மருத்துவராக நன்றாக இருந்தவர், 1967இல் அதை விட்டுவிட்டு ஆராய்ச்சி மாணவராகச் சிட்னிக்குப் போனார். 1970இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். உள்காதில் ஒலியை உணரும் ஆயிரக்கணக்கான நுண்மயிர் செல்கள் செய்யும் வேலையைச் சில மின்முனைகள் செய்துவிடும் என்று அறிவியலாளர்கள் பலர் நம்பவில்லை, பணமும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் மக்களிடம் நிதி திரட்டிக் கொடுத்துத்தான் வேலை நடந்தது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். உள்காது நத்தை ஓடு மாதிரிச் சுருண்டது. கனத்த குரல் போன்ற தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கான இடம் உள்ளே தள்ளி இருக்கிறது, அதனால் மின்முனைக் கம்பி எதையும் கிழிக்காமல் வளைந்து வளைந்து போக வேண்டும், ஆனால் எந்தக் கம்பியும் பாதியிலேயே நின்றுவிட்டது. 1977இல் கடற்கரையில் குடும்பத்தோடு விடுமுறையில் இருந்தபோது ஒரு சங்கு ஓட்டை எடுத்து அதற்குள் புல்லைச் செருகிப் பார்த்தாராம். நுனி துவண்டும் அடி விறைப்பாகவும் இருந்த புல் சுருளுக்குள் சுலபமாகப் போனது. சரி, கம்பியையும் அப்படியே செய்துவிடலாம் என்று அங்கேயே பிடிபட்டுவிட்டது.

1978 ஆகஸ்ட் 1 அன்று, விபத்தில் செவித்திறனை இழந்த ராட் சாண்டர்ஸ் என்பவருக்கு அந்தக் கருவியைப் பொருத்தினார். முதலில் சுவிட்ச் போட்டபோது அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை, பரிசோதனைக் கருவியில்தான் கோளாறு. அதைச் சரி செய்து தேசிய கீதத்தை ஒலிக்கவிட்டதும் மனிதர் எழுந்து நின்றுவிட்டார்! அப்புறம் உதட்டைப் பார்க்காமலே அவர் சொற்களைப் புரிந்துகொண்ட அன்று, கிளார்க் பக்கத்து அறைக்குப் போய் அழுதிருக்கிறார்.

ஒற்றை மின்முனை வைத்து அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸ் என்ற காது மருத்துவர் 1961லேயே இந்த முயற்சியைத் தொடங்கிவிட்டார், அவரையும் மறக்கக் கூடாது. ஆனால் பேச்சைப் பேச்சாகக் கேட்பதற்குப் பல மின்முனைகள் வேண்டியிருந்தன. எங்கள் குழந்தைக்கு வைத்திருப்பதில் 22 இருக்கின்றன. மெஷின் போட்ட அன்றே அவள் பேசிவிடவில்லை, மாதக்கணக்கில் ஸ்பீச் தெரபிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். ஒருநாள் சமையலறையில் குக்கர் விசில் அடித்ததும் திரும்பிப் பார்த்தாள். அக்கா அடுப்பை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.